பஸ் ஸ்டாண்ட் முனியப்பனும் பிரதேச சபைத் தீர்மானமும்

கல்லுமலை பஜார்,
பூண்டுலோயா வழி.
ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை.

மாத்தளையில் சிறப்போடு வாழும் மதிப்புக்குரிய சம்பந்தி யோகேஸ்வரன் அவர்கள் சமூகத்துக்கு, கல்லுமலை பஜாரிலிருந்து தங்கவேலு கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் பூரணியும் முனியப்பன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். எந்த முனியப்பன் என்று கேட்பீர்கள். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை நிரோஷனும், ஏழாம் மாதத்தில் அடியெடுத்து வைத்திருக்கும் என் மகள் கௌசியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கௌசிக்கு மாங்காய் மேல் இருந்த ஆசை இப்போது நெத்தலிக் கருவாட்டுக்கு மாறியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவளுடைய அம்மாவும் அந்தக் காலத்தில் அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை.

இந்த நாளில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று தாங்கள் நினைக்கலாம். தங்களுடைய போனை எப்போது எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். பக்கத்தில் சம்பந்தியம்மா இருக்கிறார்களா இல்லையா என்பது எனக்கு இருமல் சத்தம் கேட்கிற வரைக்கும் தெரிவதில்லை. நான் சொல்லப்போகும் விஷயமோ ஸ்பீக்கரில் சொல்லக்கூடியது அல்ல. ஆகையால் தாங்கள் முதலில் தனியாக வாசித்து, எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவை மட்டும் சம்பந்தியம்மாவிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போன தீபாவளிக்குத் தாங்கள் இங்கே வந்தபோது நடந்ததை மறுபடி கிளறுவதற்கு மன்னிக்க வேண்டும். தவலந்தென்னைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பஸ் பாதி நாள் நின்றதும், பஜாரில் இறங்கிய சம்பந்தியம்மாவுக்கு என் வீடு வரைக்கும் மலை ஏறும் பொறுமை இல்லாமல் போனதும், பஸ் ஸ்டாண்டில் அந்த அவசரத்துக்கென்று ஓர் இடம் இல்லாததும் நாம் எல்லோரும் அறிந்த கதை. மஃறூப் நானாவின் பலசரக்குக் கடைக்குள் புகுந்து, வெங்காய மூட்டைக்கும் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவே பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, நானாவின் மனைவி உம்மு குல்சும் கதவைத் திறந்துவிட, பின்கட்டுக்குப் போனார்கள். கடையில் நின்ற சனம் முழுக்க விஷயம் புரிந்து மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. அந்த மரியாதையைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் டீச்சராகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவருக்காக, அன்றைக்கு ஒரு பஜாரே வரிசையில் நின்றது. "இந்த ஊர்ல பொம்பளைங்களுக்கு ஒரு மலசலகூடம் வர்ற வரைக்கும் நான் இங்க கால் வைக்க மாட்டேங்க" என்று சொன்னதும், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதும் தங்களுக்குத் தெரியும். இப்போது கார்த்திகையில் எங்கள் வீட்டில் வளைகாப்பு. மாமியார் வந்து முதல் வளையல் போடாவிட்டால் அது என்ன வளைகாப்பு என்று கௌசி போனில் அழுகிறாள். அவள் அழுதால் பூரணி அழுகிறாள். இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு என்னைப் பார்க்கிறார்கள். நான் என்ன கொத்தனாரா?

பஜாரில் யாரைக் கேட்டாலும் பிரதேச சபை என்றார்கள். துணிக்கடையை மகனிடம் ஒப்படைத்ததிலிருந்து எனக்குப் பகலில் வேலை இல்லை. சபை அமர்வைப் பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னார்கள். இத்தனை வயதுக்கு இது தெரியாமல் இருந்துவிட்டேனே என்று சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு போனேன். சம்பந்தி, தங்களிடம் சொல்வதற்கு என்ன, கோயில் திருவிழாவில்கூட எனக்கு இவ்வளவு ஈடுபாடு வந்ததில்லை. போன மாதம் என்ன பேசினோம் என்பதை இந்த மாதம் பேசி உறுதி செய்கிறார்கள், அதற்குள் தேநீரும் கடலை வடையும் வந்துவிடுகின்றன. பஜார் நாய்களைப் பற்றி ஒரு விவாதம். நாய்கள் படுப்பது சபை எல்லையில், சாப்பிடுவது தோட்டத்து எல்லையில், குரைப்பது இரண்டு எல்லையிலும். அப்படியென்றால் அவை யாருடைய பொறுப்பு? இந்த மலையில் தோட்டம் எங்கே முடிகிறது, சபை எங்கே தொடங்குகிறது என்பது நாய்க்கு மட்டுமல்ல, நமக்கும் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். பார்வையாளர் வாங்கில் இருந்தது நானும், வாயிற்காவலரின் குடையும்தான்.

எங்கள் வட்டார உறுப்பினர் அழகுமுத்து என் கடையில் பள்ளிச் சீருடைத் துணி வாங்கி வளர்ந்தவர். அவரைப் பிடித்து மலசலகூட விஷயத்தைக் கிளப்பச் சொன்னேன். அவரும் எழுந்து நின்று, பெண்கள் படும் பாட்டை நன்றாகவே பேசினார். செயலாளர் ஒரு கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன சபைக் காலத்திலேயே அடிக்கல் நாட்டியாகிவிட்டதாம். பஜாரில் சபைக்கென்று இருப்பதே பஸ் ஸ்டாண்டையொட்டிய சில பேர்ச்சஸ் நிலம், அதில்தான் கல் இருக்கிறதாம். எந்த மூலையில் என்று சபைக்குத் தலைமை வகிக்கும் தவிசாளர் கேட்டார். போன சபையில் இருந்தவர்கள் யாரும் இந்தச் சபையில் இல்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"கல்ல நட்டோம்னு கோப்புல இருக்கு. கல்ல காணோம்னா எப்படிங்க? கல்லுக்குக் கால் இருக்கா?" என்றார் தவிசாளர்.

"அப்ப புதுசா ஒன்னு நட்டுருவோமே" என்றார் அழகுமுத்து.

"ஒரு மலசலகூடத்துக்கு ரெண்டு அடிக்கல் நட்டா நாளைக்குக் கணக்காய்வுக்காரங்களுக்கு யார் பதில் சொல்றது? மொத கல்லக் கண்டுபிடிங்க."

கல்லைத் தேடுவதற்கு ஒரு குழு அமைத்தார்கள். குழு அடுத்த அமர்வில், தேடியதில் கிடைக்கவில்லை, மேலும் தேட அவகாசம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அதையும் போய்க் கேட்டேன். ஒரு மனுசன் தொலைத்த சாவியைத் தேடலாம், மாட்டைத் தேடலாம். ஓர் ஊரே சேர்ந்து நட்ட கல்லை ஓர் ஊரே சேர்ந்து எப்படித் தொலைக்க முடியும் என்ற யோசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பூரணி இரண்டு நாள் பார்த்துவிட்டு எனக்குக் கசாயம் வைத்தாள்.

இப்போது முனியப்பனுக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டின் ஓரத்தில், சபை நிலத்தில் ஒரு டர்பன்டைன் மரம் நிற்கிறதல்லவா. அதன் அடியில் பஸ் ஸ்டாண்ட் முனியப்பன் இருக்கிறார். தகரக் கூரை, ஒரு சூலம், ஓர் உண்டியல், மேலெல்லாம் மஞ்சளும் குங்குமமும். பஸ் டைம்கீப்பர் கந்தப்பன்தான் பூசாரி. முதல் பஸ்ஸை அனுப்புவதற்கு முன்னால் கற்பூரம் காட்டுவார், டிரைவர் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். முனியப்பன் வந்த பிறகு கீழ் வளைவில் ஒரு பஸ்கூட உருண்டதில்லை. அதற்கு முன்னாலும் உருண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. நானும் அங்கே வேண்டுதல் வைத்தவன்தான். கௌசிக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று அங்கேதான் தேங்காய் உடைத்தேன். தங்கள் மகனைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த முனியப்பன்தான் என்று பூரணி இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

போன மாதத் தொடக்கத்தில் ஒரு வாரம் விடாமல் மழை அடித்தது. கௌசி பேரில் கற்பூரம் ஏற்றக் குடையோடு போனேன். காற்றில் தகரக் கூரை பறந்துபோயிருந்தது. முனியப்பனின் மஞ்சளெல்லாம் கரைந்து ரோட்டோரக் கானில் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றிப்பொட்டு இருந்த இடத்துக்குக் கீழே எழுத்து மாதிரி என்னமோ தெரிந்தது. சாமி மேல் எழுத்து இருக்குமா என்று குனிந்து, வேட்டி நுனியால் துடைத்தேன். "பொது மலசலகூடத்துக்கான அடிக்கல்" என்றிருந்தது. அதற்குக் கீழே நாட்டியவர், முன்னிலை வகித்தவர், கலந்து சிறப்பித்தவர் என்று பெயர்கள் வரிசையாக வந்தன.

மழையில் அப்படியே நின்றுவிட்டேன், சம்பந்தி. எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்க யோசிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. யாருமே தப்புச் செய்யவில்லை. அடிக்கல் நாட்டினால் நாம் சும்மாவா நாட்டுவோம்? தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்துத்தானே நாட்டுவோம். நாட்டியவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், வேலை நின்றுவிட்டது. அடுத்த நாள் விடியற்காலையில் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர் மரத்தடியில் பொட்டு வைத்த ஒரு கல்லைப் பார்த்திருப்பார். எங்கள் மலையில் மரத்தடியில் பொட்டு வைத்த கல் என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்? தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போகிற இடத்திலும் சாமி, தேயிலை அரைக்கிற ரோதைக்குப் பக்கத்திலும் சாமி என்று வாழ்ந்த சனம். செருப்பைக் கழற்றியிருப்பார். அவரைப் பார்த்து இன்னொருவர் மஞ்சள் பூசியிருப்பார். பிறகு சூலம், பிறகு கூரை, பிறகு உண்டியல், பிறகு நான். தேடும் குழுவே போகும்போதும் வரும்போதும் அந்தக் கல்லைத்தான் கும்பிட்டுவிட்டுத் தேடியிருக்கிறது.

ஓடிப்போய் அழகுமுத்துவிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்து, "ஐயா, இத நீங்க பாக்காமலே இருந்திருக்கலாம்" என்றார். அதன் பொருள் அடுத்த அமர்வில் விளங்கியது. கல் கிடைத்துவிட்டது, இனிக் கட்டலாமா என்று தவிசாளர் கேட்டார். சாமி இருக்கிற இடத்தில் மலசலகூடம் கட்டச் சம்மதித்துக் கைதூக்க யாருக்குத் தைரியம் வரும்? வேண்டாம் என்று கைதூக்கினாலோ பெண்கள் கேள்வி கேட்பார்கள். ஒருத்தர் கை தோள் வரைக்கும் போய், தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. சுற்றியுள்ள மற்ற நிலமெல்லாம் தோட்டக் கம்பனிக்குச் சொந்தம். ஆக, சாமியும் போகமுடியாது, மலசலகூடமும் வரமுடியாது. விஷயத்தை அடுத்த அமர்வுக்கு ஒத்திவைத்துவிட்டு நாய்களுக்குத் திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துச் சிரித்துப் பூரணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு வேடிக்கையா இருக்கு. பஜாருக்கு வர்ற அன்னைக்குக் கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க காலைல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல, தெரியுமா? குடிச்சா எங்க போறது? குல்சும் அக்கா வீட்டுக் கதவு எத்தனை பேருக்குத் தொறக்கும்? சம்பந்தியம்மா கோவிச்சுக்கிட்டுப் போனாங்க, அவங்களுக்கு மாத்தளை இருக்கு. இவங்க கோவிச்சுக்கிட்டு எங்க போவாங்க?"

எத்தனையோ வருடம் அந்தப் பஜாரில் அவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு சோடா தரட்டுமா என்றால் வேண்டாம் முதலாளி என்று மறுப்பார்கள், கூச்சம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ராத்திரி எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் பேசியது பூசாரி கந்தப்பன் காதுக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. பூரணி போய்ப் பேசியிருப்பாள். அடுத்த அமர்வில் கந்தப்பன் டைம்கீப்பர் சட்டையோடு வந்து, தவிசாளரின் அனுமதி பெற்றுப் பேசினார்.

"சாமி எங்க இருக்கணும்னு நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாதுங்க. சாமியவே கேட்டுருவோம். பூக்கட்டிப் பாப்போம். மாரியம்மன் கோயில் படிக்குப் பக்கத்துல எடம் தர்றதாக் கமிட்டி சொல்லிருச்சு. வெள்ளப் பூ வந்தா அங்க போறாரு. செவப்பு வந்தா இங்கயே இருக்காரு."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. இனி யாரும் கை தூக்க வேண்டியதில்லை அல்லவா. அழகுமுத்து முன்மொழிந்தார். உறுப்பினர் ரினோஸா, "சாமி விஷயம் உங்களோடது, நான் தலையிட மாட்டேன். ஆனா மலசலகூடம் எல்லாருக்கும் வேணும். அதுக்காக வழிமொழியிறேன்" என்றார். செயலாளர் பேனாவை வைத்துவிட்டு, இதை அறிக்கையில் என்னவென்று எழுதுவது என்று கேட்டார். தவிசாளர் கொஞ்சம் யோசித்தார். "சம்பந்தப்பட்ட தரப்பின் கருத்து பெறப்படும்னு போடுங்க" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

போன ஞாயிற்றுக்கிழமை பூக்கட்டிப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. மலைமேல் உள்ள தோட்டத்து லயவீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் இறங்கி வந்திருந்தார்கள். மஃறூப் நானா கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, "நா சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே முன்வரிசைக்கு வந்துவிட்டார். உம்மு குல்சும் மாடி ஜன்னலில் நின்றார். பூப்பொட்டலம் கட்டும் வேலை பூரணிக்கு. ஒன்றில் வெள்ளை அலரி, இன்னொன்றில் சிவப்பு அலரி, இரண்டையும் வாழையிலையில் சுற்றிக் கல்லின் முன்னால் வைத்தாள். ஒரு கொழுந்துக்காரப் பெண்ணின் இடுப்பில் இருந்த கைக்குழந்தையைக் கொண்டுவந்து எடுக்க விட்டார்கள். அது ஒரு பொட்டலத்தைப் பிடித்து நேரே வாயில் வைத்தது. பிடுங்கிப் பிரித்தார்கள். வெள்ளை. பெண்கள் குலவை போட்ட சத்தத்தில் எதிர்மலை திரும்பிக் கூவியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைத் தங்களிடம் மறைக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் என் மனதைக் குடைந்துகொண்டிருக்கிறது. மீதிப் பொட்டலத்தைப் பூரணி இடுப்பில் செருகிக்கொண்டாள். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து கேட்டேன். "சாமி காரியத்துல ரொம்ப நோண்டக்கூடாது" என்று சொல்லிவிட்டு, அதை அடுப்பில் போட்டாள். பச்சை இலை எரிய நேரமாகும், நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். புகைதான் தெரிந்தது.

திங்கட்கிழமை மேளத்தோடு முனியப்பனை மாரியம்மன் கோயில் படியோரத்துக்குக் கொண்டுபோனோம். கல்லில் உள்ள பெயர்கள் தெரியாதபடி கந்தப்பன் இந்த முறை நல்ல தடிப்பாக மஞ்சள் பூசியிருக்கிறார். பழைய அடிக்கல் இடம் மாற்றப்பட்டது என்று செயலாளர் கோப்பில் எழுதிவிட்டதால், புதிய கல் நாட்டவும் தடையில்லை. நேற்று அதே மரத்தடியில் புதிய அடிக்கல்லை நாட்டியாகிவிட்டது. தவிசாளரே மண்வெட்டி பிடித்தார். தேங்காய், எலுமிச்சம்பழம், மஞ்சள், பொட்டு எதிலும் குறை வைக்கவில்லை. வளைகாப்புக்கு முன்னால் கூரை ஏறிவிடும் என்று மேசன் அடித்துச் சொல்கிறார். ஆகையால் சம்பந்தியம்மாவிடம் தாங்கள் பக்குவமாகச் சொல்லி, கார்த்திகையில் குடும்பத்தோடு எழுந்தருள வேண்டும். பஸ்ஸைவிட்டு இறங்கினால் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பூரணி தங்கள் எல்லோருக்கும் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. கௌசியை மாடிப்படி ஏற விடவேண்டாம். பிறக்கப்போகும் பேரப்பிள்ளை, ஆணோ பெண்ணோ, பதினாறும் பெற்று நீடு வாழட்டும்.

தங்கள் அன்பு மறவாத,
சம்பந்தி
தங்கவேலு.

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடலாம் என்று இன்று காலை பஜாருக்கு இறங்கினேன். மேசன் இன்னும் வரவில்லை. முதல் பஸ் டிரைவர் மரத்தடியில் கைகூப்பிக்கொண்டு நின்றார். பக்கத்தில் யாரோ ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். மழைக்கு ஒரு தகரமும் வந்திருந்தது. சம்பந்தியம்மாவிடம் மேலே உள்ளதை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அதற்குப் பதிலாக, உம்மு குல்சும் கடைப் பக்கவாட்டில் தனியாக ஒரு வாசல் திறந்துவிட்டார் என்றும், கருவாட்டுப் பெட்டியைத் தாண்ட வேண்டியதில்லை என்றும், டீச்சரம்மா வந்தால் முதலில் தேநீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொன்னதாகவும் சொல்லுங்கள். நான் வீட்டுக்குப் பாதி வழி ஏறிய பிறகுதான் கவனித்தேன், என் நெற்றியில் குங்குமம் இருந்தது. செருப்பு மரத்தடியிலேயே கிடக்கிறது. எனக்கு முன்னால் கும்பிட்டவர்களைப் பார்த்து நானும் கும்பிட்டிருக்கிறேன். வேண்டிக்கொண்டதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது: அப்பனே, இந்த இடத்தில் சீக்கிரம் ஒரு மலசலகூடம் எழும்ப வேண்டும்.